அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு டெஸ்க்டாப்பே காணோம்: ஃபார்மேட் செய்யாமல் மீட்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். ஒரு பழைய செயலியின் டெப் கோப்பு (உபுண்டுவின் நிறுவல் கோப்பு), 'லிப்வெப்கிட்2ஜிடிகே-4.0' என்ற நூலகம் (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) இருந்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்தது. அது 24.04-இல் கிடைக்காததால், யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய பதிப்பான 22.04-இன் களஞ்சிய (பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் கிடங்கு) வரிகளைச் சேர்த்தீர்கள். அப்டேட் கொடுத்தபோது வந்த கேள்விக்கு 'ஒய்' அழுத்தினீர்கள். மறுநாள் காலை கறுப்புத் திரையில் லாகின் என்ற எழுத்து மட்டும். 'உபுண்டு-டெஸ்க்டாப்' பேக்கேஜை மறுபடி நிறுவப் போனால் 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்கிறது. ஃபார்மேட் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது கோப்புகள் பத்திரமா, டெஸ்க்டாப் திரும்புமா, ஒரு அப்டேட் எப்படி இவ்வளவு தூரம் போகும் என்பவைதாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோப்புகள் பத்திரம். இதில் சந்தேகமே இல்லை. பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் நிரலான டிபிகேஜி, தான் நிறுவிய கோப்புகளை மட்டுமே நீக்கும்; '/ஹோம்' அடைவுக்குள் கை வைக்காது. உங்கள் ஆவணங்கள், பிரவுசர் அமைப்புகள், டெஸ்க்டாப் பின்னணிப் படம்கூட அப்படியேதான் இருக்கும். டெஸ்க்டாப்பும் பெரும்பாலும் திரும்பிவிடும். ஃபார்மேட் செய்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமலே போகும், அடுத்த மாதம் அதே பள்ளத்தில் விழ வாய்ப்புண்டு. கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளலாம். எதை நிறுவ, எதை நீக்க என்று டிபிகேஜிக்குச் சொல்லும் ஆப்ட் ஒரு கணக்குப் போடும் இயந்திரம். 'இந்தப் பேக்கேஜ் வேண்டும்' என்றால், அதன் சார்புகள் (அது இயங்கத் தேவையான மற்றப் பேக்கேஜ்கள்) எல்லாம் நிறைவேறும் ஒரு சேர்க்கையைத் தேடும். அந்தச் சேர்க்கையில் 80 பேக்கேஜ்களை நீக்கியாக வேண்டுமென்றால், அதுவும் அதன் பார்வையில் ஒரு விடைதான். 24.04-இன் களஞ்சியம் மட்டும் இருந்தபோது 'முடியாது' என்று நேர்மையாகச் சொல்லி நின்றது. 22.04-ஐயும் காட்டியதும், அதற்கு எட்டாமல் இருந்த விடைகள் எட்டின. களஞ்சியம் கூடக்கூடச் சிக்கல் தீரும் என்றுதான் தோன்றும். நீக்கித் தீர்க்கும் வழிகளும் கூடவே பெருகுவது கண்ணில் படாது.

இந்த இரண்டு பதிப்புகளைக் கலப்பது வழக்கத்தைவிட ஆபத்தானதற்குக் காரணம் உண்டு. 32-பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் மாறி 2038 ஜனவரி 19-உடன் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய, உபுண்டுவுக்கு மூலமான டெபியனும் உபுண்டுவும் 2024-இன் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான நூலகப் பேக்கேஜ்களுக்குப் பெயர் மாற்றின. 'லிப்ஜிலிப்2.0-0' என்பது 'லிப்ஜிலிப்2.0-0டி64' ஆனது, 'லிப்எஸ்எஸ்எல்3' என்பது 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனது. 64-பிட் கணினிகளில் உள்ளே எதுவும் மாறவில்லை என்றாலும் பெயர் மாறியது. அந்த மாற்றத்தோடு வந்த முதல் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 24.04. புதிய பெயர்ப் பேக்கேஜ் 'பழைய பெயருக்கும் நானே பொறுப்பு' என்று அறிவிக்கும். அதே சமயம் பழைய பேக்கேஜின் முந்தைய வெர்ஷன்களோடு சேர்ந்து இருக்க மாட்டேன் என்றும் அறிவிக்கும். எனவே 22.04-இலிருந்து உண்மையான 'லிப்ஜிலிப்2.0-0' உள்ளே வர வேண்டுமானால், டி64 வெளியேற வேண்டும். டி64-ஐ நம்பியிருப்பது யார்? க்னோம் ஷெல் (டெஸ்க்டாப் திரை), ஜிடிஎம் (லாகின் திரை), நாட்டிலஸ் (கோப்பு மேலாளர்), நெட்வொர்க்மேனேஜர் (இணைய இணைப்பு), ஏறக்குறைய முழு டெஸ்க்டாப்பும். உங்கள் கணினியில் தூண்டுகோலாக இருந்தது ஜிலிப்தானா வேறு நூலகமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் லாக் சொல்லும்.

இது புதுக் கதையும் அல்ல. 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் உபுண்டுவின் வழிவந்த பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போய் டெஸ்க்டாப்பையே இழந்தது பரவலாகப் பேசப்பட்டது. அங்கே ஒரு நூலகத்தின் 64-பிட் வெர்ஷன் களஞ்சியத்துக்கு வந்துவிட்டது, அதன் 32-பிட் இணை வரவில்லை. பல நூலகங்களில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே வெர்ஷனாக இருந்தால்தான் ஒன்றாக நிறுவ முடியும். ஸ்டீமுக்கு 32-பிட் வேண்டும். ஆப்ட் கணக்குப் போட்டு, டெஸ்க்டாப்பைத் தூக்கிவிடலாம் என்றது. அப்போது 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழுதாகத் தட்டினால் ஆப்ட் இன்றியமையாத பேக்கேஜ்களைக்கூட நீக்கும். அதன்பின் ஆப்ட் 2.3.12-இல் அந்த வாசல் மூடப்பட்டது. தனியாக ஒரு ஆப்ஷன் கொடுத்தால்தான் இப்போது நடக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு பேஷ், டிபிகேஜி போன்றவற்றுக்குத்தான். உபுண்டு-டெஸ்க்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. வெறும் ஒரு 'ஒய்' போதும், போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையுங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். முதல் கட்டளை 'லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்'. கடைசிக்குப் போகப் பெரிய 'ஜி'. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தொடங்கிய நேரம், தட்டிய கட்டளை, பிறகு 'இன்ஸ்டால்', 'அப்கிரேட்', 'ரிமூவ்' என்று வரிகள் இருக்கும். 'ரிமூவ்' வரியில் க்னோம்-ஷெல், ஜிடிஎம்3, உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற பெயர்கள் இருந்தால் நோய் உறுதி. அதே நிகழ்வின் 'இன்ஸ்டால்' வரியில் எது உள்ளே வந்தது என்று பாருங்கள். அங்கேதான் தூண்டுகோல் இருக்கும். இரண்டு வரிகளையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

'ரிமூவ்' வரியே இல்லையென்றால் இது வேறு நோய். என்விடியா கார்டு இருந்து, புதுக் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையக்கரு) டிரைவர் மாட்யூல் இல்லாமல் போயிருந்தாலும் கறுப்புத் திரைதான் வரும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' காட்டிக்கொடுக்கலாம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப் வந்துவிட்டால் பேக்கேஜ் சார்பில் கோளாறு இல்லை. '/பூட்' நிரம்பி அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம். 'டிஎஃப் -எச்' பாருங்கள். நீங்கள் சொன்ன பிழைச்செய்தியை வைத்துப் பார்த்தால் இவை இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன், இருந்தாலும் லாக்கைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது இணைய இணைப்பு. 'பிங்' போட்டுப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர் பிழைத்திருந்தால் 'என்எம்டியூஐ' தட்டி வைஃபையில் சேரலாம். அதுவும் நீக்கப்பட்டிருந்தால் வைஃபைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். 'ஐபி லிங்க்' தட்டினால் 'யூஎஸ்பி0' என்றோ 'இஎன்எக்ஸ்' என்று தொடங்கும் நீளமான பெயரோ தெரியும். '/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/' அடைவில் 'டெதர்.நெட்வொர்க்' என்று ஒரு கோப்பு. அதில் நான்கே வரிகள்: '[மேட்ச்]', அடுத்து 'நேம்=' போட்டு நீங்கள் பார்த்த பெயர், பிறகு '[நெட்வொர்க்]', 'டிஹெச்சிபி=யெஸ்'. சேமித்து 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி'. டெஸ்க்டாப் திரும்பியதும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இப்போது அந்நியக் களஞ்சியத்தை வெளியேற்ற வேண்டும். 24.04-இல் களஞ்சியங்கள் '/இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி/' அடைவில் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்பில் இருக்கும். நீங்கள் சேர்த்தது பழைய 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பிலேயோ தனிக் கோப்பிலேயோ இருக்கலாம். 'கிரெப் -ஆர் ஜாமி /இடிசி/ஆப்ட்/' தட்டினால் 22.04-இன் செல்லப்பெயரான ஜாமி எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும். பழைய பாணி வரியாக இருந்தால் முன்னால் '#' போடுங்கள். புதிய பாணிப் பத்தியாக இருந்தால் அதில் 'எனேபில்டு: நோ' என்று ஒரு வரி சேருங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் அப்டேட்', அடுத்து 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. இரண்டாவது, பாதியில் நின்ற நிறுவல் ஏதும் இருந்தால் முடித்துவைக்கும்.

இதன்பின் மிக உதவியான கட்டளை, 'ஆப்ட் லிஸ்ட் '?அப்சொலீட்''. ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். நிறுவியிருந்தும் இப்போது எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பேக்கேஜ்களின் பட்டியல் வரும். ஜாமியை மூடிவிட்டதால், அங்கிருந்து வந்தவற்றில் 24.04-இல் அந்தப் பெயரே இல்லாதவை இதில் மாட்டும். நீங்கள் தனியாக டெப் கோப்பாக நிறுவியவையும் சில பழைய கெர்னல்களும் வரலாம், அவற்றை விட்டுவிடுங்கள். லாக்கின் 'இன்ஸ்டால்' வரியோடு ஒப்பிட்டால் குற்றவாளிகள் தெரிந்துவிடுவார்கள்.

இனி 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் -எஸ் உபுண்டு-டெஸ்க்டாப் ஜிடிஎம்3'. அந்த '-எஸ்' ஒத்திகை மட்டும், எதையும் மாற்றாது. பலருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். அப்போது '-எஸ்' இல்லாமல் ஓட்டினால் போதும். உங்களுக்கு 'ஹெல்ட் புரோக்கன்' வந்ததால் கொஞ்சம் மேலே தேவைப்படலாம். அந்தச் செய்தியின் வாசகம் ஆளை ஏமாற்றும்: நீங்கள் எதையும் பிடித்துவைத்ததாகப் பொருள் அல்ல. 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது அதற்கு மேலே உள்ள 'டிபெண்ட்ஸ்' வரிகள். அவை மூன்று விதமாக முடியும், மூன்றும் மூன்று வேறு செய்தி.

'பட் இட் இஸ் நாட் இன்ஸ்டாலபிள்' என்று முடிந்தால், ஆப்டுக்குத் தெரிந்த எந்தக் களஞ்சியத்திலும் அந்தப் பெயரில் நிறுவத்தக்க பேக்கேஜ் இல்லை. 24.04-இல் இதற்குப் பேர்போன உதாரணம் 'லிப்அசவுண்ட்2'. அது இப்போது 'லிப்அசவுண்ட்2டி64'. பழைய பெயரைக் கேட்டு 'ஆப்ட் இன்ஸ்டால்' தட்டினால் நிறுவ ஆளில்லை என்று கைவிரிக்கும். 'பட் இட் இஸ் நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு' என்று முடிந்தால், பேக்கேஜ் இருக்கிறது, வேறெதுவோ மறிக்கிறது. மறிப்பது யாரென்று ஆப்ட் அந்த ஒரு வரியில் சொல்லாது. அந்தப் பெயரையும் கட்டளையில் சேர்த்து மறுபடி ஒத்திகை ஓட்டுங்கள். அடுத்த கண்ணி தெரியும். அதையும் சேருங்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் நாலைந்து முறைக்குள் மூன்றாவது வித வரியில் வந்து முட்டும்: 'பட் இன்ன வெர்ஷன் இஸ் டு பி இன்ஸ்டால்டு'. கேட்கும் வெர்ஷன் ஒன்று, கணினியில் இருப்பது வேறு. அங்கேதான் முடிச்சு.

முடிச்சில் நிற்கும் பேக்கேஜின் பெயரோடு 'ஆப்ட் பாலிசி' தட்டுங்கள். நிறுவியிருக்கும் வெர்ஷன், நிறுவத் தகுந்த வெர்ஷன், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று காட்டும். களஞ்சியத்தில் இருப்பவற்றுக்குப் பொதுவாக 500 என்ற எண். நிறுவியிருக்கும் வெர்ஷனுக்குக் கீழே '100 /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' மட்டும் இருந்து வேறு முகவரி இல்லையென்றால், அது ஊர் பேர் இல்லாத பேக்கேஜ். அதை எடுக்க வேண்டும். இதற்கு ஆப்டில் ஒரு நல்ல வசதி உண்டு, பலருக்குத் தெரியாது: பெயருக்குப் பின்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அதே கணக்கில் அதை நீக்கச் சொல்வதாகும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப் லிப்ஜிலிப்2.0-0டி64 லிப்ஜிலிப்2.0-0-' என்றால், டெஸ்க்டாப்பும் டி64-உம் வரட்டும், பழையது போகட்டும் என்று பொருள். தனித்தனியாகச் செய்ய முயன்றால் ஒவ்வொரு படியும் மற்றதை மறிக்கும். ஒரே கட்டளையில் சொன்னால் வழிவிடும்.

அந்நியப் பேக்கேஜ்கள் ஐம்பது, அறுபது என்று இருந்தால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது நடவாது. அப்போது '/இடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி/' அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பு வையுங்கள்: 'பேக்கேஜ்: *', 'பின்: ரிலீஸ் ஓ=உபுண்டு', 'பின்-பிரையாரிட்டி: 1001'. எண் 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே ஆப்ட் வெர்ஷனைக் கீழிறக்கச் சம்மதிக்கும். அதற்கு முன் 'உபுண்டு.சோர்சஸ்' கோப்பில் 'நோபிள்-பேக்போர்ட்ஸ்' (நோபிள் 24.04-இன் செல்லப்பெயர், பேக்போர்ட்ஸ் புதிய வெர்ஷன்களுக்கான தனிக் களஞ்சியம்) என்பதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கும் இதே 1001 கிடைத்து வேண்டாதவை உள்ளே வரும். 'ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் -எஸ்'; கீழிறங்குபவை தனிப் பட்டியலாக வரும். நிதானமாகப் படித்த பிறகே உண்மையாக ஓட்டுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்து, பேக்போர்ட்ஸைத் திரும்பச் சேருங்கள்.

இந்த வழியில் ஒரு எச்சரிக்கை. வெர்ஷனைக் கீழிறக்குவதை உபுண்டுவோ டெபியனோ அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை. பேக்கேஜ்களின் உள் ஸ்கிரிப்டுகள் மேலேறுவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெறும் நூலகங்களுக்கு இது அநேகமாகச் சிக்கல் தராது. மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் பட்டியலில் இருந்தால் நிறுத்திவிட்டு முதலில் தரவைப் பிரதி எடுங்கள். புதிய வெர்ஷன் எழுதிய தரவைப் பழையது படிக்காமல் போகலாம். உங்கள் விஷயத்தில் கலந்தது பழைய பதிப்பு என்பதால் கீழிறங்க அதிகம் இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். முன்பு எப்போதாவது பிபிஏ (தனிநபர்கள் நடத்தும் களஞ்சியம்) சேர்த்திருந்தால் மட்டும் இந்தப் பட்டியல் நீளும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடினால் முதலில் கண்ணில் படுவது இவைதாம். 'டிபிகேஜி --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்', 'ஃபோர்ஸ்-ஆல்' வேண்டாம். சார்பு நிறைவேறாமலே பேக்கேஜைத் திணிக்கும், அதற்கப்புறம் ஆப்ட் எதையும் நிறுவ மறுக்கும். இல்லாத நூலகத்துக்கு வேறு வெர்ஷனின் .எஸ்ஓ (நூலகக்) கோப்பிலிருந்து இணைப்புக் கொடுப்பதும் வேண்டாம். பெயரில் உள்ள எண் மாறியிருக்கிறது என்றால் உள்ளமைப்பு மாறியிருக்கிறது என்று பொருள். பூட்டுக் கோப்புகளை (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுப்பவை) அழிக்க வேண்டாம். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடம் பொறுத்தால் விட்டுவிடும். எல்லாம் சரியாகும்வரை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' தட்டவே தட்டாதீர்கள். டெஸ்க்டாப்பின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்த 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற மெட்டா பேக்கேஜ் போய்விட்டதால், எஞ்சியிருக்கும் பாகங்கள் அதன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம்.

டெஸ்க்டாப் நிறுவல் முடிந்ததும் 'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்' தட்டுங்கள்; 'கிராஃபிக்கல்.டார்கெட்' என்று வர வேண்டும். வராவிட்டால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்'. பிறகு ரீபூட். லாகின் திரை வந்து, உள்ளே ஒன்றிரண்டு செயலிகள் மட்டும் காணாமலிருந்தால் போனில் எடுத்த 'ரிமூவ்' வரியைப் பார்த்து நிறுவிக்கொள்ளுங்கள்.

வழக்கமான அப்டேட்டுக்கு 'ஆப்ட் அப்கிரேட்' போதும். அது எதையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்படும்போது, கேள்விக்கு மேலே 'வில் பி ரிமூவ்டு' பத்தியைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே வரும் 'கெப்ட் பேக்' பத்தி பயப்பட வேண்டியதல்ல. உபுண்டு 21.04 முதல் ஆப்டே படிப்படியான வெளியீட்டை மதிக்கிறது. ஒரு அப்டேட் முதலில் ஒரு பங்குக் கணினிகளுக்கு மட்டும் போகும், உங்கள் முறை வரும்வரை நிறுத்திவைக்கும். அதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுவி வம்பை விலைக்கு வாங்குபவர்கள் நிறைய.

அந்தப் பழைய செயலி இன்னும் வேண்டுமென்றால், கணினியைப் பழையதாக்காமல் அதற்கு மட்டும் ஒரு பழைய அறை கொடுங்கள். வேண்டிய நூலகங்களைப் பெரும்பாலும் தன்னோடே கொண்டுவரும் ஃபிளாட்பேக் அல்லது ஆப்இமேஜ் வடிவில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால், கணினிக்குள் வேறொரு லினக்ஸைத் தனி அறையாக ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸ் இருக்கிறது: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிஸ்ட்ரோபாக்ஸ் பாட்மேன்', பிறகு 'டிஸ்ட்ரோபாக்ஸ் கிரியேட் --நேம் பழசு --இமேஜ் உபுண்டு:22.04', அடுத்து 'டிஸ்ட்ரோபாக்ஸ் என்டர் பழசு'. பெயரை மட்டும் உங்கள் விருப்பப்படி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் டெப் கோப்பை ஆப்ட் வழியாக நிறுவினால், அது கேட்ட வெப்கிட் 4.0 ஜாமியிலிருந்து அங்கேயே வந்துவிடும். வெளியே உள்ள க்னோமை ஒரு துரும்பும் தொடாது. உங்கள் ஹோம் அடைவு உள்ளேயும் தெரியும். 'டிஸ்ட்ரோபாக்ஸ்-எக்ஸ்போர்ட் --ஆப்' என்பதோடு செயலியின் பெயரைத் தட்டினால் வெளி மெனுவிலும் ஐகான் வரும். செயலி தன்னோடு கெர்னல் டிரைவர் ஒன்றையும் கொண்டுவருமானால் மட்டும் இது உதவாது, ஏனென்றால் அறை எத்தனை இருந்தாலும் கெர்னல் ஒன்றுதான், அப்போது 22.04-ஐ ஒரு மெய்நிகர் கணினியில் முழுதாக நிறுவுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.